மருத்துவமனைகளின் தர அங்கீகாரம்: வரலாறும் விருதுநகர் மாவட்டம் தரும் பாடமும்

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், வத்திராயிருப்புப் பகுதியில் உள்ள ஊர் கான்சாபுரம். இங்குள்ள ஒருவருக்குத் திடீரென்று உடல்நலம் கெட்டால் குடும்பத்தார் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவார்கள். அங்கே முடியாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது இராஜபாளையத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ போவார்கள். அதற்கும் மேல் என்றால் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மதுரை அரசு இராசாசி மருத்துவமனை.

இரண்டு தலைமுறைக்கு முன்பு இந்தக் குடும்பத்தின் கேள்வி, "மருத்துவமனை எங்கே இருக்கிறது?" என்பதாக இருந்தது. இன்று கேள்வி மாறிவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலுமே நடக்கின்றன. மருத்துவமனைக்குப் போவது உறுதியாகிவிட்டது. போன இடத்தில் கிடைக்கும் சிகிச்சை பாதுகாப்பானதுதானா என்பதே இப்போதைய கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேட உலகம் உருவாக்கிய வழிகளுள் ஒன்று தர அங்கீகார முறை. அது எப்படித் தோன்றியது, இந்தியாவுக்கு எப்படி வந்தது, எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உரிமம், பதிவு, அங்கீகாரம்

"அரசு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை" என்று பெயர்ப் பலகைகளில் எழுதப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். ஆனால் உரிமம், பதிவு, தர அங்கீகாரம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை.

மருத்துவமனை இயங்குவதற்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதியைக் காட்டுபவை உரிமமும் பதிவும். இவை கட்டாயமானவை. இல்லாமல் நடத்தினால் குற்றம்.

தர அங்கீகாரம் அப்படியன்று. மருத்துவமனை தானாக முன்வந்து, "எங்கள் வேலையை வெளியாட்கள் வந்து பார்க்கட்டும்" என்று கேட்டுப் பெறுவது. முன்கூட்டியே வெளியிடப்பட்ட தர விதிகளை வைத்து, பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் நேரில் வந்து ஆராய்வார்கள். தகுதி இருந்தால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் சான்று தரப்படும். காலம் முடிந்ததும் மீண்டும் ஆய்வுக்கு உட்பட வேண்டும். வாகனம் ஓட்ட உரிமம் பெறுவது ஒன்று. ஒவ்வொரு நாளும் ஒழுங்காக ஓட்டுகிறாரா என்று பார்ப்பது வேறொன்று. தர அங்கீகாரம் இரண்டாவதைச் சேர்ந்தது.

தொடக்கம்: ஒரு மருத்துவர் கேட்ட கேள்வி

இந்த முறையின் வேர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருக்கிறது. அங்கே மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர் எர்னஸ்ட் காட்மன். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்துத் தேடிப் பார்த்து, அவர் உண்மையிலேயே குணமானாரா என்று எழுதி வைக்க வேண்டும் என்றார் அவர். குணமாகவில்லை என்றால் ஏன் என்றும் எழுத வேண்டும் என்றார். இது சக மருத்துவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1914-இல் காட்மன் அந்த மருத்துவமனையை விட்டு விலகினார்.

தாம் நடத்திய சிறிய மருத்துவமனையில் தம் கொள்கையை அவரே செய்து காட்டினார். 1911 முதல் 1916 வரை அங்கே சிகிச்சை பெற்றுச் சென்ற 337 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டு, அவற்றில் 123 பிழைகள் நேர்ந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டார். எந்த மருத்துவமனையும் அதுவரை தன் பிழைகளை இப்படி எண்ணி வெளியில் சொன்னதில்லை.

1913-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி இந்த எண்ணத்தை ஓரளவு ஏற்றுக்கொண்டது. மருத்துவமனைகளுக்கான குறைந்தபட்சத் தர விதிகளை அது 1917-இல் வகுத்தது. அவை ஒரே பக்கத்தில் அடங்கின. மருத்துவர்கள் முறையாக ஒருங்கிணைந்த குழுவாக இயங்க வேண்டும். அவர்கள் தகுதியும் உரிமமும் பெற்றவர்களாக இருக்க வேண்டும். கூடிச் சிகிச்சையின் முடிவுகளை ஆராய வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான பதிவேடு வேண்டும். ஆய்வகமும் எக்ஸ்ரே வசதியும் வேண்டும். அவ்வளவுதான்.

இந்த விதிகளை வைத்து நூறு படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகள் ஆராயப்பட்டன. தேறியவை 89 மட்டுமே. தேறாதவற்றுள் நாட்டின் மிகப் புகழ்பெற்ற மருத்துவமனைகளும் இருந்தன. பெயர்ப்பட்டியல் செய்தியாளர்கள் கையில் சிக்கிவிடக்கூடாது என்பதற்காக 1919-இல் நியூயார்க் விடுதி ஒன்றில் வைத்து அது எரிக்கப்பட்டது என்பது மருத்துவ வரலாற்றில் பதிவான செய்தி. ஆனால் எண்களை எரிக்க முடியவில்லை. ஆய்வு ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1951-இல் பல அமைப்புகள் சேர்ந்து கூட்டு ஆணையம் ஒன்றை உருவாக்கின. கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளும் பின்னர் தமக்கென அமைப்புகளை ஏற்படுத்திக்கொண்டன.

தரத்தை எப்படி அளப்பது என்பதற்கு 1966-இல் அவேடிஸ் டொனபேடியன் ஒரு தெளிவான சட்டகம் தந்தார். கட்டடம், கருவி, ஆட்கள் ஆகியவை கட்டமைப்பு. சிகிச்சை தரப்படும் விதம் செயல்முறை. நோயாளிக்கு இறுதியில் என்ன ஆயிற்று என்பது விளைவு. இன்றுள்ள தர விதிகள் பெரும்பாலும் இந்த மூன்றையும் சுற்றியே எழுதப்படுகின்றன.

இந்தியா: எண்ணிக்கையா, தரமா?

இந்தியாவில் தரம் பற்றிய கவலை புதிதன்று. விடுதலைக்கு முன் 1943-இல் அமைக்கப்பட்ட போர் குழு 1946-இல் அறிக்கை தந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பு நாடெங்கும் வருவதற்கு அந்த அறிக்கையே அடிப்படை. அக்குழுவின் உறுப்பினர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நீண்ட காலம் இருந்த மருத்துவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார்.

பின்னர் 1959-இல் அவர் தலைமையிலேயே ஒரு குழு அமைக்கப்பட்டது. 1961-இல் வந்த அதன் அறிக்கை ஒரு முக்கியமான எச்சரிக்கையைத் தந்தது. திறக்கப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியின் தரம் போதவில்லை. எனவே புதியவற்றைத் திறந்துகொண்டே போவதற்கு முன்பு இருப்பவற்றை வலுப்படுத்த வேண்டும் என்று அது கூறியது.

அந்த எச்சரிக்கை காதில் ஏற வெகுகாலம் ஆயிற்று. ஓர் ஊருக்கு மருத்துவமனை வந்தால் அது கண்ணுக்குத் தெரியும்; திறப்பு விழா நடக்கும்; கல்வெட்டு இருக்கும். அங்கே கைகழுவும் பழக்கம் ஒழுங்காக இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. எண்ணிக்கைக்குக் கிடைத்த அரசியல் மதிப்பு தரத்துக்குக் கிடைக்கவில்லை.

நீதிமன்றமும் துயரங்களும்

தரத்தைப் பேச வைத்தவை பெரும்பாலும் நீதிமன்றத் தீர்ப்புகளும் துயர நிகழ்வுகளுமே.

1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெற்றுத் தரப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் நோயாளியின் பதிவேடு என்பது மருத்துவமனைக்கும் நோயாளிக்கும் இடையே முக்கியச் சான்றாகிவிட்டது.

1996 ஜனவரியில் இரத்த வங்கிகள் தொடர்பான பொதுநல வழக்கில் இன்னொரு தீர்ப்பு வந்தது. எல்லா இரத்த வங்கிகளும் உரிமம் பெற வேண்டும், பணத்துக்காக இரத்தம் விற்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது என்பதை இங்கே நினைவுகூரலாம். கொடையாக வரும் ஒவ்வோர் அலகு இரத்தத்தையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பி, சி வகைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிப்பது கட்டாயம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநல நிலையங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. சட்டம் இருந்தும் உள்ளே போய்ப் பார்க்கும் ஏற்பாடு இல்லை.

தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் அதை நடைமுறைப்படுத்துவதற்கான விதிகள் 2018-இல்தான் அறிவிக்கப்பட்டன. இடையில் இருபத்தோர் ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆக, சட்டத்தை எழுதுவதும் அதன்படி ஒருவர் வந்து சரிபார்ப்பதும் இரு வேறு வேலைகள் என்பதே இந்தக் காலகட்டம் காட்டும் உண்மை.

தேசிய அங்கீகார வாரியம்

நடுவண் அரசும் தொழில் கூட்டமைப்புகளும் சேர்ந்து 1997-இல் இந்தியத் தர மன்றத்தை உருவாக்கின. அதன் ஓர் உறுப்பாக 2005-இல் தோன்றியதே மருத்துவமனைகள் மற்றும் மருத்துவச் சேவை வழங்குவோருக்கான தேசிய அங்கீகார வாரியம். என்.ஏ.பி.எச். என்ற சுருக்கப் பெயரால் இது அறியப்படுகிறது.

அதே 2005-இல் டெல்லியில் உள்ள அப்பல்லோ மருத்துவமனை, அமெரிக்கக் கூட்டு ஆணையத்தின் பன்னாட்டுப் பிரிவிடம் அங்கீகாரம் பெற்றது. இந்தியாவில் அந்த அங்கீகாரத்தைப் பெற்ற முதல் மருத்துவமனை அதுவே. வெளிநாட்டு நோயாளிகளை எதிர்பார்க்கும் பெரிய மருத்துவமனைகளுக்கு அது பொருந்தும். நாட்டின் மற்ற மருத்துவமனைகளுக்கு நம் நிலைமைக்கேற்ற விதிகள் வேண்டும் என்பதாலேயே தேசிய வாரியம் தேவைப்பட்டது. அதன் தர விதிகளைப் பன்னாட்டுத் தரச் சங்கம் 2008-இல் ஏற்றுக்கொண்டது.

2020-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் மருத்துவமனைகளுக்கான விதிகள் 10 அத்தியாயங்களாகவும் 100 தரநிலைகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் ஐந்து அத்தியாயங்கள் நோயாளியைப் பற்றியவை. அடுத்த ஐந்து மருத்துவமனை நிர்வாகத்தைப் பற்றியவை. பெயர்கள் கனமாகத் தோன்றினாலும் உள்ளே கேட்கப்படுபவை எளிய கேள்விகளே.

மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பெயரோடு இன்னோர் அடையாளமும் சரிபார்க்கப்படுகிறதா? பெயரிலும் தோற்றத்திலும் ஒத்திருக்கும் மருந்துகள் தனித்தனியே வைக்கப்படுகின்றனவா? அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் நோயாளிக்குப் புரியும் மொழியில் பெறப்படுகிறதா? மருத்துவமனையிலேயே தொற்றிக்கொண்ட கிருமியால் மாதத்தில் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று கணக்கு இருக்கிறதா? தீப்பிடித்தால் எந்த வழியாக நோயாளிகளை வெளியேற்றுவது என்று இரவுப் பணியில் இருப்பவருக்குத் தெரியுமா? தவறு நேர்ந்தால் அது மறைக்கப்படுகிறதா, ஆராயப்படுகிறதா?

இத்தகைய சிறிய சரிபார்ப்புகளால் என்ன பயன் என்று தோன்றலாம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 கேள்விகள் கொண்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. அறுவைக்குப் பின் நேர்ந்த இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009-இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. அங்கே பெரிதாகச் சேர்க்கப்பட்டது ஒரு தாளும், அதை வாய்விட்டுப் படிக்கும் பழக்கமும்தான்.

சிறிய மருத்துவமனைகளுக்கென்றும் வாரியம் வழி வகுத்தது. ஐம்பது படுக்கைகள் வரை உள்ளவற்றுக்குத் தனி விதிகளும், முழு அங்கீகாரத்துக்கு முன்படியாகத் தொடக்கநிலைச் சான்றும் உருவாக்கப்பட்டன. ஒரே தாவலில் ஏற முடியாதவர்கள் படிப்படியாக ஏறட்டும் என்பது நோக்கம்.

பணம் தந்த தூண்டுதல்

விருப்பத்தின் பேரில் பெறும் சான்றுக்கு மருத்துவமனைகள் ஏன் வருகின்றன? நல்லெண்ணம் ஒரு காரணம். பணம் இன்னொரு காரணம். நடுவண் அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தில் அங்கீகாரம் இல்லாத மருத்துவமனைக்கு 15 விழுக்காடு குறைவான கட்டணமே கிடைக்கும். 2018-இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில் தொடக்கநிலைச் சான்று பெற்றவர்களுக்கு 10 விழுக்காடும், முழு அங்கீகாரம் பெற்றவர்களுக்கு 15 விழுக்காடும் கூடுதல் தொகை அறிவிக்கப்பட்டது. 2016-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் தன் வலையத்தில் உள்ள மருத்துவமனைகள் தொடக்கநிலைச் சான்றாவது பெற வேண்டும் என்றது. அதற்கான காலக்கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடந்துவரும் திட்டத்தால், சிறு நகரத்துத் தனியார் மருத்துவமனைகளும் காப்பீட்டு நோயாளிகளைச் சார்ந்திருக்கத் தொடங்கின. காப்பீட்டுப் பட்டியலில் இடம்பெறுவதற்காகவே பல மருத்துவமனைகள் முதன்முறையாகத் தர விதிகளைப் புரட்டிப் பார்த்தன.

அரசு மருத்துவமனைகளுக்கான வழி

2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ், 2007-இல் இந்தியப் பொது சுகாதாரத் தரநிலைகள் வெளியிடப்பட்டன. எத்தனை படுக்கைக்கு எத்தனை மருத்துவர், என்னென்ன கருவி என்று அவை கூறின. டொனபேடியன் சொன்ன மூன்றில் இது பெரும்பாலும் கட்டமைப்பைச் சேர்ந்தது.

செயல்முறையையும் விளைவையும் அளக்க 2013-இல் தேசியத் தர உறுதித் தரநிலைகள் வந்தன. சேவைகள், நோயாளி உரிமை, உள்ளீடுகள், துணைச் சேவைகள், சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, விளைவு என எட்டுப் பகுதிகளில் மருத்துவமனை ஆராயப்படும். ஒவ்வொரு சரிபார்ப்புப் புள்ளிக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். நேரில் பார்த்தல், ஊழியரைக் கேட்டல், பதிவேட்டைப் புரட்டல், நோயாளியைக் கேட்டல் என நான்கு வழிகளில் உண்மை அறியப்படும். பதிவேட்டில் ஒன்றும் நடைமுறையில் வேறொன்றும் இருந்தால் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் வெளிப்பட்டுவிடும் என்பதே இதன் சிறப்பு. 70 விழுக்காடு மதிப்பெண் அடிப்படைத் தகுதி. சான்று பெறும் மருத்துவமனைக்கு ஊக்கத்தொகையும் உண்டு.

2015-இல் தூய்மைக்கான காயகல்ப் விருதும், 2017-இல் பிரசவ அறைக்கும் மகப்பேறு அறுவை அரங்குக்குமான லக்‌ஷ்யா திட்டமும் இதனோடு சேர்ந்தன. தமிழ்நாடு உலக வங்கி உதவியோடு 2005 முதல் நலவாழ்வுத் திட்டம் ஒன்றை நடத்தியது. அதன் தொடர்ச்சியாக 2019-இல் ஒப்புதல் பெற்ற 28.7 கோடி டாலர் சீர்திருத்தத் திட்டத்தில் சிகிச்சையின் தரம் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் சொந்த அனுபவம்

தர அங்கீகாரம் என்ற பெயர் வருவதற்கு முன்பே, தவறுகளை எண்ணி ஆராயும் பழக்கம் தமிழ்நாட்டில் சில இடங்களில் வேரூன்றியிருந்தது.

முதல் எடுத்துக்காட்டு, பிரசவகால இறப்புத் தணிக்கை. 1990-களில் தொடங்கிய இம்முறையில் பிரசவத்தில் தாய் இறந்தால் அது உடனே மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும். எங்கே தாமதம் ஆயிற்று, வண்டி கிடைக்கவில்லையா, இரத்தம் இல்லையா, மருத்துவர் இல்லையா என்று ஆராயப்படும். 2001-03 கணக்கில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம், 2018-20 கணக்கில் 54 ஆகக் குறைந்தது. இதே காலத்தில் இந்தியச் சராசரி 301-லிருந்து 97 ஆகியது. இந்த முன்னேற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வோர் இறப்பையும் கேள்வி கேட்ட வழக்கம் அவற்றுள் ஒன்று.

இரண்டாவது, 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் மருந்துகளை ஆய்வகத்தில் சோதித்த பின்பே விநியோகிக்கும் முறையை அது நிலைநாட்டியது.

மூன்றாவது, மதுரையில் 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. ஒவ்வோர் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் நேரும் சிக்கல்களைக் கணக்கிட்டு, அதை மருத்துவர்களுக்கே திருப்பிக் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. காட்மன் பாஸ்டனில் கேட்டதும் இதைத்தான்.

விருதுநகர் மாவட்டம் கற்ற பாடம்

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் நாடு முழுவதும் பேசப்பட்டது. சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது தெரியவந்தது. அந்த இரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது.

இந்தத் தவறு மருத்துவமனையின் சோதனையால் வெளிப்படவில்லை. இரத்தம் கொடுத்தவர் வேறொரு தேவைக்காக எடுத்துக்கொண்ட பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தாமே மருத்துவமனைக்குத் தெரிவித்த பிறகே வெளிப்பட்டது. அவர் 2016-இலும் இரத்தம் கொடுத்திருந்தார் என்றும், அப்போதே தொற்று கண்டறியப்பட்டும் அவருக்கு அத்தகவல் போய்ச் சேரவில்லை என்றும் செய்திகள் வெளியாயின. ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. பின்னர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இதில் எந்த விதி இல்லாமல் போயிற்று? ஐந்து சோதனைகளும் கட்டாயம் என்ற விதி இருந்தது. தொற்று உள்ளவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. உயிர்காக்க இரத்தம் தேவை என்பதை உணர்ந்து கொடை தர முன்வந்தவரும் இருந்தார். இல்லாமல் போனது இடையில் இருக்க வேண்டிய சங்கிலி. சோதனை முடிவை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடுவது, தொற்று உள்ள கொடையாளரின் விவரம் அடுத்த முறை அவர் வரும்போது கண்ணில் படுவது, அவருக்குத் தகவல் சேர்ந்ததா என்று உறுதி செய்வது ஆகியவையே அந்தச் சங்கிலியின் கண்ணிகள். தர விதிகள் கேட்பது இவற்றைத்தான்.

ஓர் ஊழியரைத் தண்டிப்பதோடு இத்தகைய நிகழ்வு முடிந்துவிட்டால், அடுத்து அதே நாற்காலியில் உட்காருபவரும் அதே தவறைச் செய்ய வாய்ப்பு இருக்கிறது. ஒருவர் தவறினாலும் அடுத்த கட்டத்தில் அது பிடிபடும்படி வேலையை அமைப்பதே தர முறையின் அடிப்படைக் கொள்கை.

சிறிய ஊர்களின் சிக்கல்

தர அங்கீகாரத்தின் மீது நியாயமான குறைகளும் சொல்லப்படுகின்றன.

முதலாவது செலவு. பெரிய நகரத்து மருத்துவமனையில் தரத்துக்கென்றே தனி அலுவலகம் இருக்கும். சிறிய நகரங்களில் கணவனும் மனைவியுமாக இரண்டு மருத்துவர்கள் நடத்தும் இருபது படுக்கை மருத்துவமனைகளே அதிகம். விண்ணப்பக் கட்டணம், கட்டட மாற்றம், தீத்தடுப்பு ஏற்பாடு, பதிவேடு எழுத ஆள் என்று எல்லாம் சேரும்போது அவற்றுக்குப் பாரமாகிறது. அந்தப் பாரம் நோயாளியின் கட்டணத்தில் ஏறலாம். அல்லது அந்த மருத்துவமனை மூடப்பட்டால், அடிவாரத்துக் கிராமத்து மக்கள் இன்னும் தொலைவு போக நேரிடலாம்.

இரண்டாவது ஆள் பற்றாக்குறை. இரவில் ஒரு செவிலியர் பல நோயாளிகளைக் கவனிக்கும் இடத்தில், ஒவ்வொன்றையும் எழுது என்று சொன்னால் அவர் நோயாளியைப் பார்ப்பாரா, பதிவேட்டைப் பார்ப்பாரா? போதிய ஆட்களைத் தராமல் தரத்தை மட்டும் கேட்பது நியாயமாகாது.

மூன்றாவது, ஆய்வு நாளுக்காக மட்டும் தயாராவது. பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் வகுப்பறை பளிச்சென்று இருப்பதைப் போல, மதிப்பீட்டாளர் வரும் வாரத்தில் மட்டும் கைகழுவும் திரவம் நிரம்பியிருந்தால் பயனில்லை. அங்கீகாரத்தால் வேலை முறைகள் ஒழுங்குபடுகின்றன என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதனால் மட்டுமே இறப்பு குறைகிறது என்று உறுதியாகக் கூறும் அளவுக்குச் சான்றுகள் சேரவில்லை. சான்றிதழ் ஒரு தொடக்கமே.

இந்தக் குறைகளுக்காக முறையையே கைவிட வேண்டியதில்லை. சிறிய மருத்துவமனைகளுக்குக் கட்டணச் சலுகையும் பயிற்சியும் தரலாம். ஒரே நகரத்தில் உள்ள சிறிய மருத்துவமனைகள் சேர்ந்து தொற்றுத் தடுப்புக்கும் கழிவு அகற்றலுக்கும் பொது ஏற்பாடு செய்துகொள்ளலாம். அரசு மருத்துவமனைகளில் காலிப் பணியிடங்களை நிரப்புவதையும் தரத்தின் ஒரு பகுதியாகவே கருதலாம்.

நோயாளியும் குடும்பமும் கேட்கக்கூடியவை

தரத்தைக் காப்பதில் நோயாளியின் பங்கும் உண்டு. மருத்துவமனைக்குச் செல்பவர் கீழ்க்கண்டவற்றைத் தயக்கமின்றிக் கேட்கலாம்.

சுவரில் மாட்டியிருக்கும் சான்று எந்த ஆண்டு வரை செல்லும்? அது முழு மருத்துவமனைக்கா, ஆய்வகத்துக்கு மட்டுமா? ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துச் சொல்வார்களா? ஊசி போடும் முன் நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்க்கிறார்களா? இரத்தம் ஏற்றும் முன் பையில் உள்ள வகையும் எண்ணும் இருவரால் பார்க்கப்பட்டனவா? வீட்டுக்கு அனுப்பும்போது என்ன நோய், என்ன மருந்து, எப்போது திரும்பி வர வேண்டும் என்று எழுதித் தருகிறார்களா? குறை இருந்தால் யாரிடம் சொல்வது?

இவற்றைக் கேட்பது மருத்துவர் மீது அவநம்பிக்கை கொள்வதாகாது. நல்ல மருத்துவமனை இக்கேள்விகளை வரவேற்கும்.

முடிவுரை

பாஸ்டனில் ஒரு மருத்துவர் தம் பிழைகளை எண்ணத் தொடங்கியதிலிருந்து இந்தியாவின் தேசியத் தரநிலைகள் வரை நூறாண்டுப் பயணம் இது. இந்தியாவில் தனியார் மருத்துவமனைகளைக் காப்பீட்டுப் பணமும், அரசு மருத்துவமனைகளைத் தேசியத் தர உறுதித் திட்டமும் இந்த வழியில் அழைத்து வந்தன. 1961-இல் முதலியார் குழு சொன்னது இப்போதும் பொருந்துகிறது: கட்டடத்தைத் திறப்பதோடு வேலை முடிவதில்லை.

மதுரைக்குப் போக வசதி உள்ளவர் தரமான மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். கான்சாபுரத்திலிருந்து நள்ளிரவில் பிரசவ வலியோடு ஏற்றிச் செல்லப்படும் பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்க நேரமில்லை. பக்கத்து மருத்துவமனையே அவருக்குக் கிடைத்த மருத்துவமனை. அங்கே அன்றிரவு பணியில் இருப்பவர், யாரும் பார்க்காதபோதும் இரத்தப் பையின் எண்ணை இரண்டாம் முறை சரிபார்க்கிறாரா என்பதே தேசிய அங்கீகார முறையின் உண்மையான வெற்றியைக் காட்டும் அளவுகோல்.